ஈரெழுத்து

நொவீனாவில் மருத்துவமனை, ஒன்பதாம் மாடி.
எனக்கு மணிக்கு இருபது வெள்ளி.
டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும்,
கூட்டாமல், குறைக்காமல்.
அழக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லை.
ஆனாலும் தெரியும்.

அருமைநாயகம் துவாஸ் விடுதியிலிருந்து
வேலைச் சட்டையோடே வந்திருந்தான்.
மார்பின் குறுக்கே ஒளிப்பட்டை
எந்த வெளிச்சம் பட்டாலும்
பதில் வெளிச்சம் காட்டியது.
தம்பி ரூபனுக்கு இருபத்துமூன்று.
வந்த கடனில் பாதிகூட அடையவில்லை.

டாக்டர் இங் மெதுவாகப் பேசினார். நல்ல மனிதர்.
தட்டணு என்றேன். கசிவு என்றேன்.
விடிகாலை மூன்று பத்துக்கு என்றேன்.
மூன்று பத்து என்பதை மட்டும்
அவன் திருப்பிச் சொன்னான்,
பேருந்து நேரத்தைச் சரிபார்ப்பவன்போல.

பிறகு கேட்டான்:
ஏன்?

என்ன கேட்கிறார், என்றார் டாக்டர்.
சொன்னேன்.
தலையசைத்து ஆரம்பித்தார்:
ஏடிஸ் கொசு. இரண்டாவது முறை டெங்கி.
முதல் முறை உடம்பு கற்றுக்கொண்ட பாடமே
இரண்டாம் முறை
அதன் கழுத்தைப் பிடித்துவிடுகிறது.
எல்லாம் உண்மை.
அது 'எதனால்' என்பதற்குப் பதில்.
அவர் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
பிழை என்னுடையதாகவும் இருக்கலாம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து
பீஹூன் தட்டோடு போதகரிடம் போனேன்.
உலை என்றார், புடம் என்றார், பொன் என்றார்.
அது 'எதற்காக' என்பதற்குப் பதில்.
பொன் யார் கழுத்துக்கு என்று
நாக்கு நுனிவரை வந்தது.
போன மாதம்தான் அவர் மனைவிக்கு
மார்பில் கட்டி எடுத்தார்கள்.
யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாரோ.

பாடகர் குழு சுகந்தி அக்கா
ஆதி மனிதனின் பாவம் என்றார்.
அது 'யாரால்' என்பதற்கு.
சரி அக்கா,
கொசுவுக்கு அந்த ஊசி எந்த நாளில் வைக்கப்பட்டது?
எல்லாம் நன்று என்று சொன்னது
அதற்கு முன்பா, பின்பா?
அக்கா என் தட்டில்
இன்னொரு கரண்டி சம்பால் வைத்தார்.

எங்கள் புளோக் கீழே சிவப்புப் பதாகை கட்டியிருக்கிறார்கள்.
பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்தேன்.
ஒன்றில் நெளிந்தன, ஏழெட்டு,
கமாக் குறிகள்போல.
முடியாத வாக்கியம்.
கழிவறையில் கொட்டிவிட்டு
ஜெபிக்க உட்கார்ந்தேன். வரவில்லை.

அவரும் அதைத்தானே கேட்டார்.
பிற்பகல் மூன்று மணி வாக்கில்,
தாய்மொழியில்,
ஆணிகளில் தொங்கிக்கொண்டு.
கீழே நின்றவர்கள் காதில் தப்பாக வாங்கி
வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்றார்கள்.
புளித்த ரசத்தில் பஞ்சை நனைத்து நீட்டினார்கள்.
மேலிருந்து பதில் வந்ததாக
ஒருவரும் எழுதி வைக்கவில்லை.
கேள்வியை மட்டும் வைத்தார்கள்,
அதே ஒலியில்,
பக்கத்தில் அர்த்தத்தையும் போட்டு.
என் தொழில்காரன் எவனோ
கை நடுங்க அதைச் செய்திருக்கிறான்.
அழித்திருக்கலாம். அழிக்கவில்லை.

நான் இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது.
அன்று டாக்டர் போன பிறகு
அருமைநாயகம் சாயர்புரத்துக்கு அழைத்தான்.
மணி அடித்தது. எடுத்தார்கள்.
அவனுக்குக் குரல் வரவில்லை.
போனை என் கையில் வைத்துவிட்டுச்
சுவரைப் பார்த்து நின்றான்.

சொன்னேன், கூட்டாமல், குறைக்காமல்.
மூன்று பத்துக்கு என்றேன்.
அந்தப் பக்கம் வெகுநேரம் கோழிச் சத்தம்.
பிறகு அதே ஈரெழுத்து.

திரும்பிப் பார்த்தேன்.
யாருக்கு மொழிபெயர்ப்பது?
இம்முறை கேள்வி என்னிடம்.

இங்கதான் இருக்கேன் அம்மா, என்றேன்.
அது பதில் இல்லை.
இரண்டு தரம் சொன்னேன்.

படிவத்தில் நேரம் கேட்டார்கள்.
இரண்டு மணி என்று எழுதிக் கொடுத்துவிட்டு
விடியும்வரை
அவன் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.